செருப்பைக் கழற்றாத பிள்ளை

ஒன்பதரை மணிக்கு மேல்தான் முதல் அழுகுரல் கேட்கும்.

சேர்வராயன் மலையில், ஏற்காடு டவுனிலிருந்து தள்ளி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். மேட்டில் ஒற்றை அறைக் கட்டடம். சுவரில் யானை, ஒட்டகச்சிவிங்கி, அனா ஆவன்னா, பல் தெரியச் சிரிக்கும் சூரியன். அரசாங்க ஏட்டில் அது அங்கன்வாடி மையம், ஊர்வாயில் பால்வாடி. புரட்டாசி மேகம் தரையில் இறங்கி நிற்கிற காலை. பத்தடியில் வருகிற ஆள் தெரிவதில்லை. ஆனால் எந்த வீட்டுப் பிள்ளை வருகிறது என்பது திண்ணையோரம் உட்கார்ந்திருக்கும் எனக்கே இப்போது தெரிந்துவிடுகிறது. ஒரே மூச்சில் நீளமாக அழுதபடி வருகிறவன் ஜீப் ஓட்டுகிறவர் மகன். நடுநடுவே நிறுத்தி, யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவன் தோட்டத்து மேஸ்திரியின் பேரன். அழுகையே இல்லாமல் கொலுசுச் சத்தம் மட்டும் மேகத்துக்குள்ளிருந்து வந்தால், அது அவள்.

மூன்றரை வயது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, முழங்கால் வரை தொங்கும் அண்ணனின் பழைய ஸ்வெட்டர், நீல நிற ரப்பர் செருப்பு. பாட்டி கையை விட்டதும் தானாகவே நடந்து வாசற்படிக்கு வருவாள். நிலையைப் பிடித்துக்கொள்வாள். அத்தோடு சரி. உள்ளேயும் வரமாட்டாள், திரும்பியும் போகமாட்டாள். செருப்பைக் கழற்றமாட்டாள். பெயரைக் கேட்டால் கேட்டவரின் முகத்தை உற்றுப் பார்ப்பாள். ஜூன் மாதம் சேர்ந்தபோது பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள்: தங்கமான பிள்ளை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. புரட்டாசி பிறக்கும்போது அந்தப் பாராட்டு நின்றுபோயிருந்தது. பேச்சு வராதோ என்று குழாயடியில் ஒருத்தி கேட்டுவிட்டதாக ஆயா சொன்னார்.

மையத்தில் பெரியவர்கள் இரண்டே பேர். டீச்சர் ஒருவர், உதவியாளராக ஆயா ஒருவர். டீச்சருக்கு நோட்டுகள் நிறைய. வருகைப் பதிவு, எடைப் பதிவு, சத்துமாவு வாங்கிய கர்ப்பிணிகள் கணக்கு, அத்தனையையும் மறுபடி செல்போனில் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றும் வேலை. அதற்குச் சிக்னல் தேடிப் பலா மரத்தடி வரை போக வேண்டும். ஆயாவுக்கு நோட்டு ஒன்றும் கிடையாது. அவர் கையைத்தான் நான் அதிகம் கவனித்திருக்கிறேன். ஒரு கையால் ஜீப்காரர் மகனை இடுப்பில் ஏற்றி, மறு கையால் அரிசி களைந்து, நடுவில் ஒரு மூக்கைத் துடைத்து, கதவிடுக்கில் விரல் வைக்கப் போன இன்னொன்றைத் தோளைத் தொட்டுத் திருப்பிவிடும் கை அது. அழுகிற பிள்ளையை அவர் சமாதானம் செய்வதில்லை. "அழு சாமி, அழுதுட்டு வா, அடுப்பு பாக்கலாம்" என்பார். அழுது முடித்துத்தான் ஆக வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டு பேசுகிற குரல். பெரும்பாலும் அடுப்புக்குப் போவதற்குள் அழுகை ஓய்ந்துவிடும்.

அவளைப் பற்றி ஒருநாள் சொன்னார்: "அழுவுற புள்ளயத் தூக்கி இடுப்புல வெச்சா முடிஞ்சுது. இது நம்மகிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டேங்குதே."

எத்தனையோ மாதம் பார்த்தபின் நானும் அதைத்தான் நம்புகிறேன். புதிய இடத்தில் அழுகிற குழந்தை, அங்கே இருப்பவர்களிடம் ஒரு முறையீட்டை வைக்கிறது. அவர்கள் ஏதாவது செய்வார்கள் என்ற நம்பிக்கை அதற்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு நிற்கிற குழந்தைதான் இன்னும் வழியிலேயே இருக்கிறது. அழாத பிள்ளையை நல்ல பிள்ளை என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது பெரியவர்கள் நமக்கு வசதி. அவ்வளவுதான்.

டீச்சர் அந்த வசதியை எடுத்துக்கொள்ளவில்லை. ஆவணியில் ஒருநாள், ஆடிப்பாடும் நேரத்துக்கு விரிக்கிற பாயை அறை நடுவிலிருந்து இழுத்து வந்து வாசற்படியோரம் போட்டார். அவளைக் கூப்பிடவில்லை, பார்க்கவுமில்லை. பாட்டு மட்டும் அவள் காலடிக்கு வந்தது. அன்றிலிருந்து பாய் அங்கேதான். மழை நாளில் சாரல் அடித்தால் முன்வரிசைப் பிள்ளைகள் பின்னால் நகர்ந்துகொள்ளும்.

பள்ளிக்கூடம் பிள்ளையைத் தேடி நகர்ந்து வருவது இந்த நாட்டில் பெரியவர் ஒருவர் ஏற்கெனவே செய்து பார்த்த காரியம். 1945இல் தாராபாய் மோடக், தம் மாணவி அனுதாய் வாகோடு மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் சிறுபிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். பழங்குடிப் பிள்ளைகள் பள்ளியைத் தேடி வரவில்லை. பள்ளி அவர்கள் முற்றத்துக்குப் போனது. விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதிலாகக் கூழாங்கல், விதை, இலை. 1957இல் வார்லி மக்கள் வாழும் கோஸ்பாட் குன்றுக்கே வேலை இடம் பெயர்ந்தது. முற்றத்தில் நடந்த அந்தப் பள்ளிதான் அங்கன்வாடி என்ற பெயரைத் தந்தது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியபோது அந்தப் பெயர் நாடு முழுக்கப் போய், இந்தப் பலா மரத்தடி வரை வந்து சேர்ந்திருக்கிறது. போர்டியின் கதை இந்த டீச்சருக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. பாயை நகர்த்த அந்தக் கதை தேவைப்படவுமில்லை.

குழந்தைக் கல்வி முன்னோடி மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர் காரணமாக ஊர் திரும்ப முடியாமல், 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார். அங்கேயும் மலைக்குளிரில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதைத்தான் ஆசிரியருக்கு முதல் பயிற்சியாக அவர் வைத்தார். திண்ணையோரம் பேசாமல் உட்கார்ந்திருக்க எனக்குக் கிடைத்த தைரியத்தில் கொஞ்சம் அவரிடமிருந்து வந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பால்வாடியில் பூஜை. 2025இல் அது செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை. ஆயா விடிகாலையிலேயே வந்து தரையை அலசிவிட்டிருந்தார். மேசையில் சரஸ்வதி படம், வீட்டிலிருந்து கொண்டுவந்த செவ்வந்திச் சரம். பூஜைக்கு என்னென்ன வைப்பது என்று டீச்சர் பிள்ளைகளையே கேட்டார். ஆளுக்கொன்றைத் தூக்கி வந்தார்கள். கரும்பலகை, பம்பரம், கண் போன மர யானை, குக்கர் மூடி, சாம்பார்க் கரண்டி, மாதம் ஒருமுறை பிள்ளைகளைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசு. மேஸ்திரி பேரன் துடைப்பத்தைக் கொண்டுவந்தான். கூட வந்திருந்த தாய்மார்கள் சிரித்தார்கள், டீச்சர் சிரிக்கவில்லை. "அதுவும் ஆயுதந்தான்" என்று வாங்கி, கைப்பிடியில் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, சுவரில் சாய்த்தார்.

அவள் நிலையைப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்தாள். கற்பூரம் ஏற்றியாயிற்று. எல்லோரும் கை குவித்தார்கள். அப்போது யாரும் சொல்லாமல் அவள் குனிந்தாள். ஒரு செருப்பு, பிறகு மற்றொன்று. இரண்டையும் ஜோடியாகச் சுவரோரம் வைத்தாள். சாமி முன்னால் செருப்போடு நிற்கக் கூடாது என்பது அவள் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்துக்குத்தான் கட்டுப்பட்டாள், பால்வாடிக்கு அல்ல. வெறுங்காலோடு ஈரத் தரையில் இரண்டு எட்டு வைத்து உள்ளே வந்தாள். ஆயா என்னைப் பார்த்தார். நான் ஆயாவைப் பார்த்தேன். இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். பொரியும் பொட்டுக்கடலையும் நாட்டுச்சர்க்கரையும் கலந்து கொடுத்தபோது இரு கையையும் சேர்த்து நீட்டி வாங்கிக்கொண்டாள். வாங்கியதும் வெளியே போய் முதல் வேலையாகச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் மலை முழுக்க மஞ்சளும் குங்குமமும். ஏற்காட்டு ஒண்டிக்கடை பக்கம் நிறுத்தியிருந்த ஜீப்புகளுக்கும் பிக்கப் வேன்களுக்கும் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. தோட்டங்களில் காப்பிப் பழம் அரைக்கும் இயந்திரத்துக்குப் பூச்சரம். அதற்கு இந்த வருஷ வேலை இன்னும் தொடங்கவில்லை; இங்கே அரபிகா பழுத்துச் சிவப்பது ஐப்பசிக்கு மேல். மலையில் காப்பி வந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கொண்டுவந்து நட்ட பயிர். அதற்கு முன்பிருந்தே சாமையும் கேழ்வரகும் விதைத்து வாழ்ந்துவரும் மலையாளிப் பழங்குடி மக்களின் நாள்கணக்கு இப்போது காப்பியோடும் மிளகோடும் பின்னிக்கிடக்கிறது. நவம்பர் தொடங்கிப் பழம் எடுக்கும் காலத்தில் பெண்களுக்கு இரண்டு கையும் கூடைக்கு வேண்டும். இடுப்பில் பிள்ளையோடு செடிக்குள் நுழைய முடியாது. காலடியில் விட்டால் அட்டை, பூச்சி, சில இடங்களில் காட்டெருமை. பெண் தொழிலாளர் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சின்னச் சின்னத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சட்டம் எட்டியதில்லை. அவர்களுக்குப் பால்வாடிதான். ஐப்பசிக்குள் பிள்ளை அங்கே ஒட்டிக்கொண்டால் அந்த வீட்டில் கார்த்திகையும் மார்கழியும் கூலி வரும். பிள்ளை படியேறுவதைத் தாய்மார்கள் அவ்வளவு பதைப்போடு பார்ப்பதற்கு இதுவும் காரணம். அவர்கள் கல்நெஞ்சக்காரிகள் என்று டவுனிலிருந்து வருகிறவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். கையை உதறிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கும் அந்தப் பெண்கள், வளைவு தாண்டியதும் நின்று காது கொடுப்பதை அவர்கள் பார்த்ததில்லை.

ஆயுத பூஜையன்று அவள் வீட்டுக்குப் போக வாய்த்தது. பூஜை வைத்திருக்கிறோம், வந்து பொரி வாங்கிக்கொள்ளுங்கள் என்று பாட்டி அழைத்திருந்தார். சாணம் மெழுகிய திண்ணை. கவாத்துக் கத்தி, மண்வெட்டி, அருவாமனை, அப்பா விட்டுப்போன பழைய மருந்தடிக்கும் டேங்க், எல்லாவற்றுக்கும் பொட்டு. நான் திண்ணையில் உட்கார்ந்து கொடுத்ததைக் குடித்துக்கொண்டிருந்தேன். வீட்டின் பின்பக்கத்திலிருந்து டீச்சர் குரல் கேட்டது.

டீச்சர் சேலம் போயிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். எட்டிப் பார்த்தேன். விறகடுக்கின் முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். எதிரே வரிசையாக நான்கு பூசணிப் பிஞ்சு, ஒரு கவிழ்த்த படி, தூங்கும் பூனை. "கை எங்க? கை எங்க? எல்லாரும் கையக் காட்டுங்க!" டீச்சரின் இழுப்பு, டீச்சரின் மூச்சு, வாக்கியக் கடைசியில் கண்ணாடியை ஏற்றிவிடுகிற அந்தச் சைகை கூட. பிறகு வருகைப் பதிவு. பால்வாடியில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வரிசை மாறாமல் கூப்பிட்டாள். பூசணிப் பிஞ்சுகள் சார்பில் ஒவ்வொரு பெயருக்கும் தானே "உள்ளேன் டீச்சர்" என்றாள். தன் பெயர் வந்த இடத்தில் மட்டும் இன்னும் சத்தமாக. அடுத்தது பாட்டு. ஜூன் முதல் வாசற்படியில் கேட்ட பாட்டு ஒன்று விடாமல், கை அசைவு ஒன்று பிசகாமல். நடுவில் பூனை எழுந்து போனது. "அடுப்பு பாக்கலாம் வா சாமி" என்று ஆயா குரலுக்கு மாறி அதைத் தூக்கி வந்தாள்.

"வூட்டுக்கு வந்தா இதே வேலதான்" என்றார் பாட்டி. "பொழுது வுழுந்தா எனக்கே பாடம் எடுக்கறா. அங்க பேசமாட்டேங்கறாளாமே? இங்க வாய மூடச் சொல்லி நாங்க கெஞ்சறோம்."

நான்கு மாதமாக அவள் பால்வாடிக்கு வந்துகொண்டிருக்கவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். முழுப் பால்வாடியையும் அவள் தினம் மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். ஒரு பிள்ளை கற்றுக்கொண்டதா என்று கேள்வி கேட்டுப் பதில் வாங்கித்தான் எழுதவேண்டும் என்றால், இவளுக்கு நேராகக் கோடுதான் விழும். எத்தனை பிள்ளைகளுக்கு அப்படி விழுந்திருக்கும் என்று நினைக்கையில் மனம் ஆறவில்லை. வீட்டையும் பள்ளியையும் இரண்டையும் பார்க்கிற கண் ஒன்று வேண்டும். பண்டிகை நாள் அந்தக் கண்ணைக் கொடுக்கிறது. அன்றைக்குத்தான் எல்லா வீட்டு வாசலும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

விஜயதசமி அக்டோபர் 2. காந்தி பிறந்த நாள். அங்கன்வாடித் திட்டத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைந்த நாளும் அதுவே. விஜயதசமியன்று அரசுப் பள்ளிகளைத் திறந்து வைத்துச் சேர்க்கை நடத்தும் வழக்கம் சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் இருக்கிறது. மேட்டுக் கட்டடத்துக்கும் புதிதாக இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். தாம்பாளத்தில் அரிசி பரப்பி, டீச்சர் மடியில் உட்காரவைத்து, விரல் பிடித்து அ எழுதவைத்தார். ஒரு பையன் எழுதிய அ-வைக் கலைத்துவிட்டு அரிசியை வாயில் போட்டுக்கொண்டான். அவன் தாத்தாவுக்கு ஒரே பெருமை.

இந்த மலையில் பள்ளிக்கூடம் பழைய சங்கதி. ஏற்காட்டில் மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917இல் தொடங்கியது. வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஊராக ஏற்காடு எத்தனையோ தலைமுறையாக இருந்துவருகிறது. பண்டிகை விடுமுறைக்கு அந்தப் பிள்ளைகள் காரில் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலத்துக்குப் போகிறார்கள். அதே வளைவுகளில் மேலே ஏறுகிற பஸ்ஸில் இந்த ஊர் அப்பாக்கள் வருகிறார்கள், குடகிலும் கேரளத்திலும் மிளகு பறிக்கவும் காப்பிக் காட்டில் வேலைக்கும் போனவர்கள். மடியில் துணிக்கடைப் பை, காலடியில் பட்டாசுப் பெட்டி.

அக்டோபர் 16 அன்று வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலை மையம் அறிவித்தது. தீபாவளி 20ஆம் தேதி. மலைத் தீபாவளியின் பாதி வேலை பட்டாசைக் காயவைப்பதில் போகிறது. வெயில் இல்லாததால் அடுப்படிப் பரணில், எட்டி, கங்கு படாத தூரத்தில் சங்குசக்கரமும் புஸ்வாணமும் தாள் மேல் கிடக்கும். அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருப்பது பிள்ளைகளுக்கு ஒரு வாரத்து வேலை. பெண்கள் முறுக்கு பிழிந்து, கச்சாயம் சுட்டார்கள். "நோம்பிக்கு ஒரு வூட்ல எண்ண வாசம் வரலேன்னா அந்த வூட்ல என்னமோன்னு போய்ப் பாக்கணும்" என்றார் ஆயா. அப்படி ஒரு வீட்டுக்கு அவர் பலகாரத்தோடு போனதையும் பார்த்தேன்.

தீபாவளி விடியலில் அந்தக் குளிரில் எண்ணெய்க் குளியல். தெருவெல்லாம் பிள்ளைகளின் கத்தல். காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று பட்டாசுக்கு நேரம் வகுத்திருந்தது அரசு. காலை ஆறரைக்கு மேகம் அப்படியே கவிந்திருந்தது. வெடி வெடிக்கிற இடம் தெரியவில்லை. சத்தம் மட்டும் சரிவில் இறங்கி எதிர் மலையில் முட்டித் திரும்பியது. அவள் புதுப் பாவாடையும் ஈரத் தலையுமாக அப்பாவின் தோளில் உட்கார்ந்து, இரு கையையும் அவர் காது மேல் வைத்துப் பொத்தினாள். தன் காதைப் பொத்திக்கொள்ளக் கை இல்லாததால் ஒவ்வொரு வெடிக்கும் கண்ணை மூடினாள்.

விடுமுறை முடிந்து பால்வாடி திறந்த நாள், டீச்சர் முன்கூட்டியே சொல்லியிருந்தபடியே நடந்தது. நோம்பி முடிந்தால் எல்லாம் முதலிலிருந்து. அப்பாக்கள் மறுபடி பஸ் ஏறிவிட்டார்கள். ஒழுங்காக வந்துகொண்டிருந்த பிள்ளைகள் கூட அழுதார்கள். அரிசி தின்றவன் ஆயாவின் முந்தானையைப் பிடித்தவன் விடவில்லை. புதுச்சட்டைகள் இரண்டாம் நாள் அழுக்கோடு வந்திருந்தன. பத்தரை மணிக்குப் பாதி அழுகை ஓய்ந்தது. டீச்சர் வழக்கம்போலப் பாயை வாசற்படியோரம் விரித்தார். யார் வீட்டில் என்ன வெடி என்று கேட்டார். ஜீப்காரர் மகன் அழுததை மறந்து எழுந்து நின்று, தங்கள் வீட்டு வெடியில் மலையே ஆடியது என்றான்.

"பொய்!"

குரல் நிலைப்படியிலிருந்து வந்தது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நீலச் செருப்பு இரண்டும் காலில்தான் இருந்தன.

"எங்கூட்டு வெடிதான் பெருசு. எங்கப்பா வாங்கியாந்தாரு. உங்கூட்டு வெடி நமுத்துப் போச்சு, நான் பாத்தேன்."

"நமுக்கல!"

"நமுத்துச்சு!"

"நமுக்கல போ!"

செருப்போடு பாயை மிதித்து உள்ளே போய் அவன் எதிரில் இடுப்பில் கை வைத்து நின்றாள். டீச்சர் நோட்டில் எதையோ எழுதுவதுபோலக் குனிந்துகொண்டார். பேசிவிட்டாளே என்று யாரும் கை தட்டவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. அதற்காக டீச்சரையும் ஆயாவையும் வணங்கத் தோன்றியது. சண்டை வளர்ந்தது. மேஸ்திரி பேரன் அவள் பக்கம் சேர்ந்தான், அவனும் பார்த்தானாம். புதுப் பையன் முந்தானையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தான். உள்ளே குக்கர் விசில் அடித்தது. வாரத்தில் 3 நாள் முட்டை. அன்று முட்டை நாள். "சண்ட போட்டவங்கெல்லாம் கை கழுவுங்க" என்று ஆயா தட்டுகளை அடுக்கினார். கை கழுவும் வரிசையிலும் சண்டை ஓயவில்லை. முட்டை கைக்கு வந்ததும் யாருடைய மஞ்சள்கரு பெரிது என்பதில் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கியது, அவள் குரல் எல்லோருக்கும் மேலே.